எண்பதுக்குக் கீழே

இரவு ஒன்பது இருபது. வெள்ளிக்கிழமை. ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டிப் போகும் டேனரி ரோடு...

மற்ற நாட்களில் அந்த ரோட்டில் நடக்க இடம் இருக்காது. தோல் ஏற்றிய லாரி, உப்பு ஏற்றிய லாரி, ஷிப்டு முடிந்து போகிற சைக்கிள்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு நாய் கூடத் தென்படாது. அந்தப் பக்கத்துத் தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு வெள்ளிதான் வார லீவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒருத்தன் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு நடந்தது அல்ல இது. என் தோஸ்த் ஜெயப்பிரகாஷின் சித்தி மகன் கோபிக்கு நடந்தது. ரிசப்ஷன் முடிந்து கச்சேரிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், முகூர்த்தம் நாலரைக்குத்தான், தூக்கம் வரவில்லை, கதை சொல்லுங்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். அடிச்சத்தத்துக்கு வைக்கிற அந்த பேஸ் பாக்ஸில் சாய்ந்திருக்கிற தம்பி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். ஜெனரேட்டர் அணைத்தாயிற்று, பாக்ஸில் கரண்ட் இல்லை, ஒன்றும் ஆகாது. இருந்தாலும் தள்ளி உட்காரட்டும்.

கோபிக்கு ஷூ கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரில் ஷூவுக்கு அளவு வரைவான். ராத்திரியானால் கிடார். அதுவும் ஹெவி மெட்டல். காட்பாடி இன்ஜினியரிங் காலேஜில் படித்த முகங்கள் இங்கே இரண்டு தெரிகின்றன, அவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்... பழைய லாரியை மேட்டில் ஏற்றும்போது ஒரு சத்தம் வருமே, அதையே தாளத்தோடு செய்வது. எனக்குப் பிடிக்காது. ஆனால் முப்பது வருஷம் மைக் செட் வைத்திருப்பவன் நான். அந்த இரைச்சலை ஒழுங்காகப் பதிவு செய்து காதுக்குக் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் குழுவின் பெயர் 'வெட் ப்ளூ'. குரோம் தண்ணீரில் ஊறி வெளியே வருகிற தோல் ஈரமாக, நீலமாக இருக்கும். டேனரியில் அதற்கு அதுதான் பெயர். மூன்றே பேர். கோபி கிடார், கத்துவதும் அவன்தான். தவ்ஃபீக் தாளம். பேஸ் கிடார் வேலாயுதம்.

வேலாயுதம் டேனரியில் டிரம் ஓட்டுகிறவன். தவ்ஃபீக் அடிக்கிற டிரம் இல்லை. இது ஒரு அறை அளவுக்கு இருக்கிற மரப் பீப்பாய். பச்சைத் தோலையும் சுண்ணாம்பையும் மருந்தையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் ராத்திரி பகலாகச் சுற்றும். ஈரத்தோல் மேலே ஏறி ஏறிக் கீழே விழும். தொம்... தொம்... தொம்... அந்தச் சத்தத்திலேயே பிறந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்குகிற ஜனங்கள். ஆம்பூர்க்காரனிடம் போய் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள். எந்தச் சத்தம் என்பான்.

தவ்ஃபீக் வீட்டாருக்கு ஒரு பழைய கோடவுன் இருந்தது. அதில்தான் ஒத்திகை, அதில்தான் பதிவு. வெளிச்சத்தம் வராமல் இருக்க, கழித்துப் போட்ட தோல்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போனால் மாட்டின் வயிற்றுக்குள் போன மாதிரி இருக்கும். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயுதம் வேலை செய்கிற டேனரி. ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டி, அந்தப் பக்கத்தில், அவனுடைய டிரம்.

கோபிக்கும் வேலாயுதத்துக்கும் பத்து வருஷ சிநேகிதம், பத்து வருஷ சண்டை. கோபி ஒரே கிடாரை நாலு தடவை வாசித்து நாலையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவான். இரண்டு இந்தக் காதுக்கு, இரண்டு அந்தக் காதுக்கு. நடுச் சத்தத்தைத் தோண்டி எடுத்துவிட்டு அடியையும் மேலையும் ஏற்றுவான். ரம்பம் அறுக்கிற மாதிரி வரும். அதுதான் அவனுக்கு இஷ்டம். பேஸ் கிடாருக்கு எங்கே இடம்? கடலில் கரைத்த பெருங்காயம். முதல் ஆல்பத்தில் வேலாயுதம் வாசித்தது அவனுக்கே கேட்கவில்லை. கல்யாண வீட்டில் ஒரு நாள் என்னிடம் வந்து புலம்பினான். கோபியிடமும் சொல்லியிருக்கிறான்.

"மச்சான், உன் கிடாரு கனமா இருக்குதுனு ஊரே சொல்லுது இல்ல? அந்தக் கனம் நான்டா. என்ன எடுத்துட்டா நீ வெறும் கொசு."

கோபி சிரித்துவிட்டு, பேஸின் சத்த அளவை இன்னும் ஒரு கோடு இறக்கினானாம்.

இரண்டாவது ஆல்பம். எட்டுப் பாட்டு. ஏழு முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டுக்கு மட்டும் பேஸ் பாக்கி. அந்தப் பாட்டே வேலாயுதம் கட்டியதுதான். மூன்று தட்டு... ஒரு நிறுத்தம்... இரண்டு தட்டு. தொம் தொம் தொம்... தொம் தொம். இவ்வளவுதான். ஆனால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கைக்குழந்தையை முதுகில் தட்டித் தூங்க வைப்பது அதே தாளத்தில். இரண்டாம் ஷிப்டு முடிந்து நடுராத்திரி வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டுவது அதே தாளத்தில். அவன் மனைவி அம்பிகா யாரென்று கேட்காமலேயே எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுப்பாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஒன்பது மணிக்கு வேலாயுதம் வந்து அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசிப்பதாகப் பேச்சு. வரவில்லை. கோபி ஒன்பது தடவை போன் அடித்தான். மணி போகிறது, எடுக்கவில்லை. வழக்கம்தான், ஆடி அசைந்து வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வந்த வேலையை முடிப்போம் என்று கிடாரை எடுத்தான். காதை மூடுகிற பெரிய ஹெட்போன். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக். லேப்டாப்பில் பதிவு ஓடுகிறது. மணி ஒன்பது இருபது.

வாசிக்கத் தொடங்கியதும் அடியில் ஏதோ கலங்கல். கிடார் சத்தத்துக்குக் கீழே, தரை வழியாக மைக்குக்கு ஏறி வருகிற மாதிரி... கனமாக. ஈரமாக. பக்கத்து டிரம் ஓடுகிறது, எழவு, என்று நினைத்தான். அது என்ன தாளத்தில் விழுகிறது என்று அவன் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பான்? அவன் விரல் விழுந்த இடத்திலேயே அதுவும் விழுந்தது. கூடவே நடக்கிறவனின் காலடி தனியாகக் கேட்குமா?

இந்த மாதிரி கலங்கலுக்கு எங்கள் தொழிலில் ஒரு மருந்து உண்டு. ஒலி என்பது ஒரு நடுக்கம். வினாடிக்கு எண்பது தடவைக்குக் கீழே நடுங்குவது எல்லாம் அடிச்சத்தம், உறுமல். கிடாருக்கு அது தேவையில்லை. எண்பதுக்குக் கீழே வெட்டு என்று ஒரு பொத்தான். நானும் தினம் அழுத்துகிறேன். கோபி அழுத்தினான். கலங்கல் போய்விட்டது. ரம்பம் சுத்தமாகக் கேட்டது. நாற்பது நிமிஷம் நிம்மதியாக வாசித்துவிட்டு, விளக்கை அணைத்து, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு டேனரியைத் திறந்தவர்கள்தான் வேலாயுதத்தைப் பார்த்தார்கள்.

லீவு நாளில் டிரம்முக்குள் இறங்கி அடியில் தங்கிய சேற்றைச் சுரண்டுவது வழக்கம். ஒருத்தன் உள்ளே, ஒருத்தன் வெளியே. வெளியே நிற்க வேண்டியவன் அன்றைக்கு வரவில்லை. பத்து நிமிஷ வேலைதானே, முடித்துவிட்டு ராத்திரி பாட்டுக்குப் போகலாம் என்று இவன் தனியாக இறங்கியிருக்கிறான். முட்டுக்கட்டை வைக்கவில்லை. உள்ளே ஆள் நடந்த கனத்தில் டிரம் அரைச் சுற்றுத் திரும்பிவிட்டது. இறங்கின வாய் தலைக்கு மேலே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சட்டை வெளியே ஆணியில் தொங்கியது. சட்டைப் பையில் போன், ஒன்பது மிஸ்டு கால்.

உள்ளே சேற்றிலிருந்து கிளம்புகிற காற்று அழுகிய முட்டை நாற்றம் நாறும். டேனரி ஆட்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். வேலாயுதமே கோபியிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். வாடை இருக்கிற வரைக்கும் பயமில்லை. வாடை நின்றுபோனால்தான் ஓட வேண்டும். ஏனென்றால் அந்தக் காற்று முதலில் மூக்கைத்தான் கொல்லும்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர், சாயங்காலம் ஐந்தரை மணிக்குள்ளேயே உயிர் போயிருக்கும் என்று சொல்லிவிட்டார். கஷ்டப்பட்டிருக்க மாட்டான், நாலு மூச்சுதான் என்றாராம். எல்லோருக்கும் அது ஒரு ஆறுதலாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது அம்பிகா கோபியிடம் வந்தாள். கையில் குழந்தை. அழவில்லை. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் தனக்குக் கொடுக்கச் சொன்னாள். அதில் அவன் வாசிக்கவே இல்லை என்று கோபி எப்படிச் சொல்வான்? சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்தான். அவனுக்கு ஒரு யோசனை. வேலாயுதத்தின் பகுதியைத் தானே பேஸ் கிடாரில் வாசித்து அவன் வாசித்ததாகக் கொடுத்துவிடலாம். பொய்தான். ஆனால் புண்ணியப் பொய். அதற்கு முன்னால் தன் கிடாரின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்பதுப் பொத்தான் காதுக்கு வருவதைத்தான் வெட்டும். பதிவானது பதிவானபடியே அடியில் கிடக்கும். பொத்தானை எடுத்தான்.

தொம் தொம் தொம்... தொம் தொம்.

எண்பதுக்கு மேலே இருந்த கிடாரை வெட்டிவிட்டு, அடியில் இருந்ததைத் தனித் தடமாகப் பிரித்து அதை மட்டும் கேட்டான். பாட்டு முழுக்க இருந்தது. ஒரு இடம் தவறவில்லை. நடுவில் பாட்டு மாறுகிற இடத்தில் அது மாறியது. கோபி வாசிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்த இடத்தில் அதுவும் நின்றது. அவன் மறுபடி தொடங்கியதும் அதுவும் தொடங்கியது. நாலு தடவை அவன் வாசித்தான். நாலு தடவையும் கூடவே...

ராத்திரி பத்தே காலுக்கு ஜெயப்பிரகாஷுக்குப் போன் அடித்தான். ஓடிப்போய் அவனும் கேட்டான். பக்கத்து டேனரி டிரம் சத்தம்தானே, பயப்படாதே என்று தேற்றப் பார்த்தான். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று கேட்டான்.

"டேய்... அது இன்னா கெழம?"

வெள்ளிக்கிழமை. எந்த டிரம்மும் ஓடாத கிழமை. கோபி ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவன், காலண்டர் பார்க்காமலேயே தெரிந்திருக்க வேண்டியவன். அந்தச் சத்தம் எப்போதும் இருக்கும் என்று பழகிப்போன காது. இருக்கக் கூடாத நாளில் இருந்ததை அது கண்டுகொள்ளவில்லை.

ஐந்தரைக்கே போய்விட்டவன் ஒன்பது இருபதுக்கு எப்படித் தட்டினான் என்று ஜெயப்பிரகாஷ் கேட்டான். அதைக் கோபிக்கு ஒரு ஆறுதலாகத்தான் சொன்னான். அந்த நேரத்தில் நீ எழுந்து போயிருந்தாலும் பிணத்தைத்தான் பார்த்திருப்பாய், உன் மேல் தப்பில்லை என்று. கோபி லேப்டாப்பை மூடினான். பிறகு சொன்னான்.

"உயிரோட இருந்து தட்டியிருந்தா காப்பாத்தச் சொல்லித் தட்டுனான்னு வெச்சுக்கலாம். செத்த அப்புறம் எதுக்குத் தட்டுனான்? பத்து வருஷமா கேட்டதத்தான் கேட்டிருக்கான். அதையும் வெட்டிட்டேன்."

அடுத்த வாரம் அவன் என்னிடம் வந்தான். ஒரு சின்ன பேஸ் பாக்ஸ் வேண்டும், ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றான். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். போனில் போட்டால் அடிச்சத்தம் வராது. அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரில் எண்பதுக்குக் கீழே எதுவும் பிறக்காது. அம்பிகாவுக்கு அது சரியாகக் கேட்க வேண்டும் என்று பாக்ஸையும் லேப்டாப்பையும் பைக்கில் கட்டிக்கொண்டு ஆற்றோரத்தில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போனான். வேண்டாமென்று ஜெயப்பிரகாஷ் எவ்வளவோ சொன்னான், கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் இவனும் கூடப் போனான்.

ஓட்டு வீடு, ஒரே அறை. குழந்தை தொட்டிலில். மணி எட்டரை இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக கோபி கிடாரை இறக்கி பேஸை ஏற்றிப் பாட்டைப் போட்டான். தரை அதிர்ந்தது. அடுக்கில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் லேசாகப் பேசின. அம்பிகா தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. துக்கம் இல்லை. இதோ வந்துவிட்டேன் என்கிற முகம்.

எழுந்து போனாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

வெளியே யாரும் இல்லை. தெரு விளக்கு, ஒரு நிறுத்தி வைத்த சைக்கிள், அவ்வளவுதான். ஆனால் திறந்த கதவு வழியாக ஒரு வாடை உள்ளே வந்தது... சுண்ணாம்பு, ஈரத்தோல், அழுகிய முட்டை. ஜெயப்பிரகாஷ் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். அம்பிகா கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கதவை மூடவில்லை. அதே நேரம் பாக்ஸ் ஓய்ந்துவிட்டது. கோபி திரையைப் பார்த்தான். மேடும் பள்ளமுமாக இருந்த கோடு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், செத்தவன் நாடி மாதிரி நேராகக் கிடந்தது. அந்தத் தடத்தில் ஒன்றுமே இல்லை. பதிவிலிருந்து அது கிளம்பிப் போய்விட்டது.

மூன்றாம் நாள் நடுராத்திரி தாண்டி கோபிக்குப் போன் வந்தது. அம்பிகா. குரலில் பயமில்லை, கொஞ்சம் கூச்சம்தான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ராவெல்லாம் வாசிக்கிறாரு. பாப்பா தூங்க மாட்டேங்குது. கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

போனில் கோபிக்கு எதுவும் கேட்கவில்லை. போனில் அது வராது என்று சொன்னேனே. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான். அவள் மனசைத் தேற்ற வேண்டுமே என்று, லேப்டாப்பைத் திறந்து, அந்தக் காலித் தடத்தின் சத்தத்தை விரலால் ஒரு கோடு இறக்கினான். சும்மாதான் இறக்கினான்.

"ஆங், இப்ப சரியா இருக்குது. தேங்க்ஸ்ணா."

வைத்துவிட்டாள். கோபியின் விரல் அந்த இடத்திலேயே இருந்ததாம், விடியும் வரைக்கும்.

காலையில் பார்த்தால் இறக்கின கோடு தானாக ஏறி நின்றது. ராத்திரி மறுபடி போன். மறுபடி இறக்கினான். காலையில் மறுபடி ஏறியிருந்தது, நேற்றைவிட ஒரு கோடு ஜாஸ்தியாக. இப்படியே ஒரு மாசம். தவ்ஃபீக் கூட்டி வந்த ஹஜ்ரத் ஓதிவிட்டுப் போனார். ஜெயப்பிரகாஷ் ஒரு பூசாரியைக் கூட்டிப் போனான். கதவை மூடி வைம்மா என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அம்பிகா மாட்டேன் என்றுவிட்டாள். தட்டுகிறவருக்குக் கதவைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியுமாம். கோபி இளைத்து ஈர்க்குச்சி ஆனான். வேலையில் ஷூவுக்கு அளவு தப்பாக வரைந்து திட்டு வாங்கினான். அந்த லேப்டாப்பை ஆற்றில் போடலாமா என்று யோசித்திருக்கிறான். போட்டுவிட்டால் அவள் கேட்கும்போது எதை இறக்குவது? அந்தப் பயத்தில் போடவும் இல்லை.

அப்புறம் ஒரு ராத்திரி. மணி ஒன்று ஐம்பது. அம்பிகா சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குரல் நிம்மதியாக இருந்தது, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவள் மாதிரி.

"சும்மாதாண்ணா போன் பண்ணேன். இத்தன நாளா கூடவே ஒரு வாட வரும், உங்ககிட்ட சொல்லல. இன்னிக்கு அது நின்னு போச்சு. சத்தம் மட்டுந்தான் இருக்குது. பாப்பாகூட இன்னிக்குத்தான் அசையாம தூங்குது."

கோபி எழுந்தே நின்றுவிட்டான். அவளோ ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். டிரம் பக்கமே போனதில்லை. வாடை நின்றால் ஓட வேண்டும் என்கிற அந்த டேனரி வார்த்தை அவளுக்குத் தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ என்று சொன்னான். எதுக்குண்ணா என்று இழுத்தாள். அப்புறம் பதில் இல்லை. போன் மட்டும் இணைப்பில் இருந்தது. அவள் வீடு நாலு கிலோமீட்டர். பைக்கில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பத்து நிமிஷம். நாலு மூச்சுக்குள் முடிந்துவிடுகிற காரியம்.

லேப்டாப் திறந்தே இருந்தது. கோடு உச்சியில் நின்றது. இறக்கப் பார்த்தான், இறங்கவில்லை. அந்த எண்பதுப் பொத்தான் மட்டும் பாக்கி. அதே பொத்தான், அதே விரல். வேலாயுதத்தின் பெயரைச் சொல்லி, மன்னிச்சுக்கடா மச்சான் என்று வாய்விட்டு அழுதுகொண்டே அழுத்தினான்.

போனில் ஒரு இருமல். இன்னொரு இருமல். அய்யோ இன்னா நாத்தம் என்று அம்பிகா சொன்னது கேட்டது. குழந்தை வீறிட்டது. வாழ்க்கையில் கேட்ட சத்தங்களிலேயே நல்ல சத்தம் அதுதான் என்று கோபி பிறகு ஜெயப்பிரகாஷிடம் சொல்லியிருக்கிறான்.

தாயும் பிள்ளையும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எந்த கேஸ் மூக்கில் ஏறியது என்று டாக்டர் கேட்டார். அடுப்பு சிலிண்டர் மூடித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு தும்மல் கூட இல்லை. வாடையைப் பற்றிய அந்த டேனரி வார்த்தையை, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோபி அவளுக்குப் பொறுமையாகச் சொன்னான். வாடை இருக்கிற வரைக்கும்தான் பயமில்லை, நின்றுவிட்டால் அவ்வளவுதான் என்று. முழுவதையும் கேட்டுக்கொண்டாள். தன்னையும் பிள்ளையையும் காப்பாற்றியதற்கு நன்றி சொல்வாள் என்று பார்த்தால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"கம்மி பண்ணத்தானேண்ணா சொன்னேன். எடுக்கவா சொன்னேன்?"

அதற்குப் பிறகு வீடு அமைதி. தட்டுகள் பேசவில்லை. ஆனால் போன் நிற்கவில்லை. தினம் ராத்திரி வரும். வீடு வெறிச்சுனு இருக்குதுண்ணா என்பாள். பாப்பா முதுகில் தான் தட்டினால் தூங்க மாட்டேன் என்கிறது என்பாள். துளியூண்டு ஏற்றி வையுங்கள், ஒரே ஒரு கோடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். கோபி மூன்று மாசம் மாட்டேன் என்றான். அவளுக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சிநேகிதனை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வெட்டிவிட்டு, அவன் மனைவியின் அழுகையைத் தினம் காதில் வாங்கிக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

கோபி திருப்பிக் கொடுத்த பாக்ஸ் அதுதான், தம்பி, நீங்கள் சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அதை நான் எந்த விசேஷத்திலும் இணைப்பதில்லை. வேனில் இடம் அடைக்கிறதே என்று இறக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி ஜெயப்பிரகாஷ் கோபி வீட்டில்தான் இருந்தான். தனியாக விடப் பயந்து பக்கத்திலேயே படுத்திருந்தான். கண் விழித்துப் பார்த்தபோது கோபி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். எண்பதுப் பொத்தானை எடுத்துவிட்டிருந்தான். கோடு ஒன்றே ஒன்று ஏறி நின்றது. வேண்டாம்டா என்று இவன் சொல்வதற்குள் போன் அடித்தது. கோபி ஸ்பீக்கரில் போட்டான்.

அம்பிகா சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு.

"அண்ணா... வந்துட்டாரு. லேசா வாட வருது. வாட இருக்குற வரைக்கும் பயமில்லதானே? நீங்கதானே சொன்னீங்க."